மீன் நான் கொண்டுவருகிறேன்

வைகை அணை,
8.2.2025

ஜெபராஜ் அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பிச்சையம்மாள் அத்தையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அனுமந்தன்பட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாயே, அந்தத் தொண்டை ஒன்று போதும், நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள. "அடியே, துட்டிக்கு வந்தியா, பாட்டில் பொறுக்க வந்தியா?" என்றாய். என்னோடு படித்தவர்கள், மதினி ரோஸ்லினின் சொந்தக்காரர்கள், உபதேசியார் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உன் நம்பரை அன்றைக்கே பிளாக் பண்ணிவிட்டேன். போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுக்க வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

நான் பாட்டில் பொறுக்க வரவில்லை. சாமியார் வரத் தாமதமானதால் கால் நனைக்க ஆற்றுக்குப் போனேன். உங்கள் முலாம் பூசுகிற கம்பெனிக்குக் கீழே, நாம் சின்ன வயதில் குளித்த துறைதான். கால் வைக்க முடியவில்லை அண்ணே. தண்ணீர் மஞ்சளாகப் போகிறது. மஞ்சள் கூட இல்லை, சீழ் நிறம். கரையோரம் நுரை கட்டி நிற்கிறது. கெளுத்தி மீன் ஏழெட்டு வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே ஓடியது. அங்கிருந்து இருநூறு அடி தள்ளி அதே தண்ணீரில் ஒருத்தி கைக்குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு சுத்தமான பாட்டில் இருக்கும். எடுத்து நிரப்பினேன். அதைத்தான் நீ பார்த்தாய்.

சோதனை முடிவு நேற்று வந்தது. குரோமியம், இருக்கலாம் என்கிற அளவைப்போலப் பதினேழு மடங்கு.

இப்போது கேள். சுருளியாறு, முல்லையாறு, கொட்டகுடியாறு, மூல வைகை என்று இந்த அணைக்குள் வந்து சேருகிற ஆறு ஒவ்வொன்றிலும் மாதம் ஒருநாள் தண்ணீர் எடுத்து, என்ன விஷம் கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. முப்பத்தொரு மாதமாக அந்தத் துறையில் எடுத்திருக்கிறேன். முப்பத்தொரு தடவையும் இளநீர் மாதிரி சுத்தம். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. உங்கள் கம்பெனி இரண்டாவது ஷெட் கட்டக் கேட்டிருக்கிறது. மார்ச் 25 கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என் அறிக்கையைத்தான் தூக்கிக் காட்டப்போகிறார்கள். அதை நம்பி அனுமதி கொடுத்துவிட்டால் இரண்டு மடங்கு விஷம் இறங்கும்.

நான் வருகிற நாள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. வேறு வழியே இல்லை. தேதியை எங்கள் பொறியாளர் முத்துக்குமரன் சார் சீட்டுக் குலுக்கி எடுப்பார். முந்தின நாள் மூன்று மணிக்கு என்னிடம் சொல்வார். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. அப்படியென்றால் அவர்தான் விலைபோயிருக்கிறார். அவர்மேல் புகார் எழுதப்போகிறேன்.

நீ அங்கே சூப்பர்வைசர். யார் சொல்கிறார்கள் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு அதைச் சொல். முப்பத்தொரு மாதமாக முந்தின சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கு வர்றேன், மதினிய மசாலா அரைச்சு வைக்கச் சொல்லு, மீன் நான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, உன்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து தின்றவள் நான். அந்த உரிமையில் கேட்கிறேன்.

கிளாரா


அனுமந்தன்பட்டி,
14.2.2025

கிளாராவுக்கு அண்ணன் எழுதுவது.

நாலு தடவை கூப்பிட்டேன். ரிங் போகாமலே அறுந்துபோகிறது. இப்போதுதான் காரணம் தெரிந்தது. நல்ல தங்கச்சி.

துட்டி வீட்டில் நான் கத்தியது தப்பு. ஆனால் அங்கே நின்ற ஆண்களில் பாதிப்பேர் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் என்பதை நீ யோசித்தாயா? பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவில் வருகிறாய். அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "ஜெபராஜ் தங்கச்சி நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்துருக்கு" என்று ஒருத்தன் என் காதுபடச் சொன்னான். அவன் வாயை அடைக்க நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

ஆற்றில் யார்தான் எதைத்தான் விடவில்லை? திராட்சைத் தோட்டத்துக்காரன் மருந்து டின்னை அதில்தான் அலசுகிறான். கறிக்கடைக்காரன் குடலை அதில்தான் கொட்டுகிறான். ஊர்ச் சாக்கடை மொத்தமும் அதில்தான் போய் விழுகிறது. உன் கண்ணுக்கு எங்கள் குழாய் ஒன்றுதான் தெரிகிறதா? எண்பது குடும்பம் அந்தக் குழாயை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. அதில் உன் அண்ணன் குடும்பமும் ஒன்று.

தேதி யார் சொன்னார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. முத்துக்குமரன் சாரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர்மேல் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். ஆனால் ஆளைத் தெரியாமல் பழி போடாதே என்று மட்டும் சொல்வேன்.

வேலை பார்த்தோமா, சம்பளம் வாங்கினோமா என்று இரு. ஆற்றைக் காப்பாற்ற உன்னை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் வருவாயா என்று உன் மதினி கேட்கச் சொன்னாள். பிள்ளை ஏஞ்சல் உன் ஜிலேபி மீனுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜெபராஜ்


வைகை அணை,
19.2.2025

அண்ணே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கறிக்கடைக் குடலைப் பற்றி எழுதியிருக்கிறாய், மருந்து டின்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். உங்கள் குழாயிலிருந்து என்ன வருகிறது என்று ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை எங்கே கற்றுக்கொண்டாய்? அப்பாவிடம் நிச்சயமாக இல்லை.

புகாரைக் கொடுத்துவிட்டேன். முத்துக்குமரன் சாரை விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை தன் மேசையிலிருந்த சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கிளாரா, கடைசியா ஒண்ணு கேக்குறேன். நீங்க யாருகிட்டயுமே சொன்னதில்லையா?" என்று கேட்டார். "சத்தியமா இல்ல சார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தால் குற்றம் செய்தவர் மாதிரி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு மனிதரால் சீட்டுக் குலுக்க முடியுமா?

ஆதாரம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது துட்டிக்குப் போன இடத்தில் எடுத்த ஒரு பாட்டில். முறைப்படி எடுத்தது இல்லை, சாட்சி இல்லை என்று கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். முறைப்படி எடுத்த முப்பத்தொரு பாட்டிலும் அவர்கள் பக்கம். நான் எடுத்த பாட்டில்களே எனக்கு எதிர்ச்சாட்சி.

இன்னொன்று. அத்தையைத் தூக்கும்போது நீ தும்மினாய். துண்டை மூக்கில் வைத்து எடுத்தபோது ரத்தம் இருந்தது. அவசரமாக மடித்து இடுப்பில் செருகினாய். உன் விரலிடுக்கில் குழிப்புண் இருப்பதையும் பார்த்தேன். அதற்கு எந்தக் கறிக்கடைக்காரன் காரணம் என்று எழுது.

கிளாரா


அனுமந்தன்பட்டி,
27.2.2025

கிளாரா,

இதை எழுத ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தாயிற்று. நேராகச் சொல்லிவிடுகிறேன். முத்துக்குமரன் சார் சொல்லவில்லை. நீ என்னிடம் சொன்னாய். நான் மேனேஜரிடம் சொன்னேன்.

காட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது இல்லை. உனக்கு வேலை கிடைத்த புதிதில், முதல் தடவை வருகிறேன் என்று நீ போன் பண்ணிய அன்றைக்கு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "சார், நாளைக்கு மதியம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரணும். தங்கச்சி சாப்பிட வருது" என்றேன். பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போடக்கூடாது, அண்ணன்காரன் கூட உட்கார வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். பிச்சையம்மாள் அத்தை வந்தால் அப்பா தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாரே, நீயும் பார்த்திருக்கிறாய். மேனேஜர் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "தங்கச்சி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கிற வேலை என்று சொன்னேன்.

ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி போய் நின்றேன். ஆறாவது மாதம்தான் எனக்கு உறைத்தது. நான் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, "ஜெபராஜு, அந்த வால்வ மூடு. நாளைக்கு பிளாண்ட ஓட்டு" என்று குரல் வரும். சுத்திகரிப்பு நிலையம் என்று போர்டு வைத்திருக்கிற கொட்டகை மாதத்தில் அந்த ஒரே ஒரு நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் அதற்குள் சிமெண்ட் மூட்டை கிடக்கும், கழிவு நேராக ஆற்றுக்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினால் விடிவதற்குள் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். நீ காலையில் வந்து பாட்டிலை நிரப்புவாய், மதியம் என்னோடு சாப்பிடுவாய். உன் வண்டி சின்னமனூர் தாண்டியிருக்காது, நான் வால்வைத் திறந்துவிடுவேன். இந்தக் கையால்தான்.

ஏழாவது மாதம் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். தெரிந்தே போய்க் கேட்டேன். எட்டாவது மாதம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் திறமைக்கு என்று ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கேண்டீனில் மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டே, "பாவம்ப்பா அந்த இன்ஜினியரு. யாரோ தின்ன கொழம்புக்கு அவரு கை கழுவ வேண்டியதாப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் கிளாரா. சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூக்கைப் பற்றிக் கேட்டாய். நடுத்தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று உத்தமபாளையத்தில் டாக்டர் சொன்னார். தொட்டியிலிருந்து வருகிற ஆவியாம். ஒரு வருஷமாக எனக்கு வாசமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆறு நாறுகிறது என்பதே எனக்கு அடுத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். உன்னோடு உட்கார்ந்து, "குழம்பு பிரமாதம்" என்று சொல்லுவேனே, போன வருஷம் முழுக்க அது எனக்கு வெந்நீர்தான்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்த மனிதரை விட்டுவிடச் சொல்.

ஜெபராஜ்


வைகை அணை,
3.3.2025

ஜெபராஜுக்கு,

படித்து முடித்ததும் வாந்தி எடுத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடிப்போய் எடுத்தேன். நீ எனக்கு இரண்டாவது துண்டு மீனை எடுத்துவைத்து, "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு, எளச்சுப்போயிட்ட" என்று சொல்வாயே, அது ஞாபகம் வந்ததும் தாங்க முடியவில்லை. எந்த நெஞ்சோடு அதைச் சொன்னாய்? தெரிந்த பிறகு இருபத்தைந்து தடவை சொல்லியிருக்கிறாய். சூப்பர்வைசர் பதவியைவிட அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

உன்னைத் திட்டித் தீர்க்கவும் முடியவில்லை, அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தேதியை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். யாரிடமும் சொல்லவில்லை என்று முத்துக்குமரன் சார் முகத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணினேன், அதைப் பொய் என்று தெரியாமலே பண்ணினேன். அண்ணனிடம் சொல்வதை நான் யாரிடமோ சொல்வதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

நேற்று தேனிக்குப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி அன்னத்தாய் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தைக் கொடுத்தேன். சார் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதக் கொண்டுபோய்க் குடுத்தா அண்ணனும் தங்கச்சியும் சேந்து ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்க. தண்ணியே சாட்சி சொல்லட்டும்" என்றார். அவரே அலுவலகத்தில் பேசி ஏற்பாடும் செய்துவிட்டார். இவரைத்தான் நான் விலைபோனவர் என்று எழுதினேன்.

இதுதான் ஏற்பாடு. மார்ச் 10 திங்கட்கிழமை மதியம், வெளியூரிலிருந்து வருகிற இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் துறையில் தண்ணீர் எடுப்பார்கள். அன்று சாயங்காலம் நான் உன்னை வழக்கம்போலக் கூப்பிடுவேன். 11 காலையில் மறுபடி எடுப்பார்கள். 13ஆம் தேதி மறுபடியும். நீ செய்ய வேண்டியது இத்தனை நாளாகச் செய்ததுதான். போய் அனுமதி கேள். வால்வை மூடச் சொன்னால் மூடு. திறக்கச் சொன்னால் திற. நான் கூப்பிட்ட மறுநாள் மட்டும் ஆறு சுத்தமாக இருந்து, மற்ற இரண்டு நாளும் மஞ்சளாக இருந்தால் முப்பத்தொரு மாத அறிக்கை குப்பைக்குப் போகும்.

அனுமதி கேட்காமல் நீ ஒதுங்கிக்கொண்டால் மூன்று நாளும் மஞ்சளாகத்தான் ஓடும், "அந்த வாரம் மோட்டார் பழுது" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். மேனேஜரிடம் சொல்லிக்கொடுத்தால் மூன்று நாளும் சுத்தமாக ஓடும். அதற்கப்புறம் 25ஆம் தேதி கூட்டத்தை யாராலும் நிறுத்த முடியாது. உன் பெயர் எதிலும் வராது. அதைச் சாரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த ஒரு போனுக்காக உன் நம்பரைத் திறந்துவைப்பேன். பேசி முடித்ததும் அடைத்துவிடுவேன்.

கிளாரா


அனுமந்தன்பட்டி,
14.3.2025

கிளாரா,

திங்கட்கிழமை ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு உன் போன் வந்தது. "அண்ணே, நாளைக்கு வர்றேன், மதினிய மசாலா அரைச்சு வைக்கச் சொல்லு, மீன் நான் கொண்டாறேன்" என்றாய். எப்போதும் பேசுகிற அதே குரல், அதே சிரிப்பு. ஒரு நிமிஷம் எனக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றிவிட்டது. உனக்கும் நன்றாகவே பொய் சொல்ல வருகிறது.

மேனேஜர் உடனே பாஸை எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்தார். "என்னப்பா, துட்டி வீட்டுல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டைன்னு சொன்னாக. அதுக்குள்ள சாப்பிட வருதா?" என்றார். "கூடப் பொறந்தது சார். மீன் கொழம்புல தீராத கோவமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். நான் கேட் வரை போவதற்குள் குரல் வந்தது: "ஜெபராஜு, வால்வ மூடு."

மூடினேன். வழக்கமாக மூடுகிற வால்வுதான், அன்றைக்கு இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்குப் போனேன். நீ வருகிறாய் என்பதைத் தவிர ரோஸ்லினிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவள் மசாலா அரைத்து, புளி கரைத்து, மூன்று தட்டு கழுவி வைத்திருந்தாள். தவக்காலத்தில் கறி இல்லை, அத்தை மீனாவது வருகிறதே என்று ஏஞ்சல் பள்ளிக்கூடத்திலிருந்து சோற்று நேரத்துக்கு ஓடி வந்து வாசலில் நின்றாள். நீ வரமாட்டாய் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாவது மாதம், எட்டாவது மாதம் எல்லாம். ரோஸ்லின் அடுப்பை அணைத்தாள். அப்புறம், "அப்ப நான் அரைச்ச மசாலாவுக்கும் இதுல பங்கு இருக்கு, என்ன?" என்று கேட்டுவிட்டு, அதை அப்படியே எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினாள். மோரை ஊற்றித்தான் சாப்பிட்டோம். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் வைக்கிறாள்.

மூன்று மணிக்கு வால்வைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். நேற்று பாட்டிலோடு இரண்டு பேர் துறையில் நிற்பதைக் கொட்டகை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆற்றில் அவர்கள் முழங்கால் வரை மஞ்சள் ஏறியிருந்தது.

என் பெயர் வராது என்று எழுதியிருந்தாய். நானும் முதலில் அதற்குச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒருநாள் சுத்தமாக ஓடியது தற்செயல் என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வாய்? ரோஸ்லின் கரண்ட் பில் குத்தி வைக்கிற கம்பியை எடுத்துப் பார்த்தேன். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துப்போடுகிற கேட் பாஸையும் அவள் அதிலேயே குத்தி வைத்திருக்கிறாள். இருபத்தாறு கிடைத்தது. எல்லாவற்றிலும் மேனேஜர் கையெழுத்து, தேதி, நேரம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: தங்கச்சி சாப்பாடு. நீ தண்ணீர் எடுத்த தேதிகளோடு வைத்துப் பார்க்கச் சொல். இத்துடன் அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தையும் கொடு. முந்தின கடிதத்தையும் கொடு. எண்பது குடும்பத்துக்கும் நான்தான் துரோகி என்று நாளைக்கே ஊரில் சொல்வார்கள். ஆற்றுக்கு ஏற்கெனவே துரோகிதான், இனி இரண்டு பக்கமும் ஆயிற்று.

இன்னாசி மகன் ஜெபராஜ்,
சூப்பர்வைசர், கழிவுநீர்ப் பிரிவு


வைகை அணை,
4.4.2025

அண்ணே,

10ஆம் தேதித் தண்ணீர் பதினாறு மடங்கு. 11, சுத்தம். 13, பத்தொன்பது மடங்கு. தற்செயல் என்றுதான் வக்கீல் சொன்னார், நீ சொன்ன மாதிரியே. அப்போது உன் பாஸ் இருபத்தாறையும் மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. விசாரணைக்கு வந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து, "தங்கச்சி சாப்பாடு, தங்கச்சி சாப்பாடு" என்று சத்தமாகப் படித்துக்கொண்டே போனார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது பாஸுக்குமேல் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இரண்டாவது ஷெட்டுக்கான கூட்டம் ரத்து. முத்துக்குமரன் சார் வேலைக்கு வந்துவிட்டார். என்னிடம் கோப்பில் கையெழுத்து வாங்குவதோடு சரி, பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. என்னை ஆற்றுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிறேன்.

உன்னை வேலையை விட்டு நிறுத்தியதையும், கல்லெறிந்து வீட்டு ஓடு உடைந்ததையும் மதினி எழுதியிருந்தார்கள். கம்பெனி இன்னும் ஓடுகிறது, அபராதமும் நோட்டீசும் மட்டும்தான் போயிருக்கிறது என்பதும் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் 'ஆற்றைக் காப்போம்' என்று புதிதாகப் பச்சை பெயிண்டில் எழுதியிருக்கிறார்களாமே. அந்தப் பெயிண்ட் சுவரில் எப்படித்தான் ஒட்டியதோ.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் அணைக்கரையில் ஒரு ஜிலேபி மீன் வாங்கினேன், எப்போதும் வாங்குகிற அதே ஆளிடம். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆய்வகத்தில் அறுத்துக் கொடுத்தேன். ஈரலிலும் குரோமியம், சதையிலும் குரோமியம். நீ திறந்துவிட்டது முல்லையாற்றில் வந்து, வைகையில் சேர்ந்து, அணையில் தங்கி, மீனுக்குள் போயிருக்கிறது. அதை நான் மாதாமாதம் பையில் போட்டு உங்கள் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். ஏஞ்சலுக்கு முள் எடுத்து ஊட்டியது என் கைதான். விஷத்தைத் தேடுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதைச் சுமந்துவந்து பிள்ளை வாயில் வைத்திருக்கிறேன். உன்னைத் திட்டியதில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி உன்னுடையதுதான், அதை விடமாட்டேன். ஏஞ்சலை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வேண்டும், உன் மூக்கையும் காட்ட வேண்டும். நாள் வாங்கிவிட்டேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதத்தில்தான் சொல்கிறேன். குருத்து ஞாயிறு அன்று மதியம் சாப்பிட வருகிறேன். இந்தத் தடவை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல். என்னோடு உட்கார நீ எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரசமும் அப்பளமும் போதும் என்று மதினியிடம் சொல்.

மீன் கொண்டுவரமாட்டேன்.

கிளாரா